ஏழு சொல் தந்திக்காரன்

போன மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கூட்டம். மேடையில் என்னை ‘மூத்த தொலைக்காட்சிக் கலைஞர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். ‘மூத்த’ என்பதற்கு என் தலைமுடி சாட்சி. ‘கலைஞர்’ என்பதற்கு அப்போதுதான் போர்த்திய சால்வை சாட்சி. நடுவிலிருந்த தொலைக்காட்சிக்குத்தான் சாட்சியே இல்லை. கேள்வி நேரம் வந்ததும் முன்வரிசை மாணவி ஒருவர் கைத்தொலைபேசியும் கையுமாக எழுந்தார்.

“சேர், உங்கட பேரைப் போட்டுத் தேடிப் பாத்தன். ஒண்டும் வருகுதில்லையே?”

“வராது புள்ள. நான் நடிச்ச நாடாவுக்கு மேலால வேற நிகழ்ச்சியைப் பதிஞ்சிட்டாங்க.”

மண்டபம் சிரித்தது. பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் அது உண்மை. அந்தக் காலத்தில் ஒளிநாடா கப்பலில் வரவேண்டிய பொருள். ஒருமுறை ஒளிபரப்பான நாடகத்தின் முதுகில் அடுத்த மாதம் வேறொன்று ஏறிக்கொள்ளும். நான் முதன்முதலாக வாய் திறந்த நாடகத்தின் மேல், கத்தரிச் செடிக்கு மருந்தடிப்பது எப்படி என்ற நிகழ்ச்சியைப் பதிந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். எது நாட்டுக்குக் கூடப் பயன்பட்டது என்று நான் வாதாட வரவில்லை. கத்தரிக்காய் எனக்கும் பிடிக்கும்.

நேரமாகிவிட்டது என்று மணி அடித்துவிட்டதால், அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு கிழக்குக் கரையில், வாவி சூழ்ந்த புளியந்தீவில். அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து தலைமை எழுதுவினைஞராக உயர்ந்தவர். கோப்புகளுக்கு நாடாக் கட்டுவதுபோலவே வேட்டியும் கட்டுவார். நான் படித்து முடித்துவிட்டு, கொழும்புத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தமிழ் நாடகங்களுக்கு முகம் கொடுக்கத் திரிந்துகொண்டிருந்தேன். முகம் கொடுக்கப் போனேனே தவிர, அவர்கள் எடுத்துக்கொண்டது பிடரியைத்தான். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒருமுறை, செத்த வீட்டுக் கூட்டத்தில் ஒருமுறை, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனாக ஒருமுறை. மூன்றிலும் ஒளிப்பதிவுக் கருவி என் பின்னால்தான் நின்றது. என் பிடரியில் ஏதோ ஒரு சோகரசம் இருந்திருக்கவேண்டும்.

நான்காவது முறை கடிதம் வந்தபோது வசனம் இருந்தது. தந்திக்காரன் வேடம். கதவைத் தட்டவேண்டும். வீட்டுக்கார அம்மா திறப்பாள். “அம்மா, தந்தி வந்திருக்கு. இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ” என்று நான் சொல்லவேண்டும். அவள் தந்தியைப் பிரித்து வாசித்து மயங்கி விழவேண்டும். எண்ணிப் பார்த்தேன்: ஏழு சொல்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு என்று பொருள்.

“தம்பி, போன முறை உன்ட பிடரியைக் கண்டன். அதுக்கு முந்தின முறையும் பிடரிதான். விவசாய நிகழ்ச்சியில எருமை வருகுது. அதுகூட முகத்தைக் காட்டுது.”

“இந்த முறை வசனம் இருக்கப்பா.”

“எத்தினை?”

“ஏழு சொல்லு.”

அப்பா மேசையிலிருந்த பழுப்பு உறையைத் தட்டினார். எழுதுவினைஞர் வேலைக்கு எனக்கு வந்திருந்த நேர்முகத் தேர்வுக் கடிதம். என் பெயரில் விண்ணப்பம் போட்டவர், அதில் என் கையெழுத்தையும் என்னைவிட அழகாகப் போட்டவர், அவர்தான்.

“இது அடுத்த மாதம் கடைசித் திங்கள். உன்ட நாடகம் எப்ப போகுது?”

“அதுக்கு முதல் சனிக்கிழமை, பின்னேரம் ஆறரைக்கு.”

“சரி. சனிக்கிழமை உன்ட வாயால ஒரு வசனம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்து வந்து என்ட காதில விழவேணும். விழுந்தா நீ நடிகன், மறுகா நான் இதைப் பற்றிக் கதைக்க மாட்டன். விழாட்டி, திங்கக்கிழமை காலமை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போற. ஓமா?”

“ஓம்.”

முப்பது வருடம் அரசாங்கக் கடிதம் எழுதியவர் வாயால் சொன்ன ஒப்பந்தம். ஓட்டை இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

சண்டைக் காலம். இளந்தாரி ஒருவன் தனியாகக் கொழும்புக்குப் போவது உசிதமில்லை என்று அம்மா தன் தம்பியைத் துணைக்கு ஏற்பாடு செய்தாள். மாமா வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வயல் செய்பவர். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் கூத்தில் ராசா வேடம் கட்டுவார். அவருடைய வயல் வட்டையில் நெல் எப்படி விளைந்தாலும் குரல் அமோகமாக விளையும். வாவிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆளோடு தோணிக்காரன் உதவியில்லாமலே கதைப்பார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பிறகு நடந்ததற்கு அதுதான் காரணம். கூத்து அரங்கேறும்போது ஒருவன் முதன்முதலாக வேடம் கட்டி ஆடுகளமான களரிக்கு வந்தால், அவனுடைய உறவுக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே களரிக்குள் ஏறி அவனுக்கு வேட்டியோ சால்வையோ போர்த்துவார்கள். அதுவரைக்கும் கூத்து நிற்கும். போர் முனையிலிருக்கும் ராசாகூட வாளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருப்பார். யாரும் அதை இடைஞ்சலாக நினைப்பதில்லை. அதிலும் தாய்மாமன் இருந்தும் போர்க்காமல் விட்டால், ஊரில் ஏழு தலைமுறைக்குக் கதை அடிபடும்.

போகும் வழியில், ஓட்டமாவடியில், மாமா இரண்டு தயிர்ச்சட்டி வாங்கிக்கொண்டார். தயாரிப்பாளருக்கு ஒன்று, வழிக்கு ஒன்று. சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடந்தோம். ஒவ்வொரு சாவடியிலும் சட்டியின் வாயில் கட்டியிருந்த இலையை விலக்கிப் பார்த்தார்கள். கொழும்பு போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தயிரைப் பார்த்தவர்களின் தொகை அதுவரை தொலைக்காட்சியில் என்னைப் பார்த்தவர்களின் தொகையைத் தாண்டியிருந்தது. மாமாவின் பையில் தயிரைத் தவிர மடித்த பட்டு வேட்டி ஒன்றும் இருந்தது. கொழும்பில் ஏதும் கல்யாணத்துக்குப் போகப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். ஊகிக்கும் திறமை நடிகனுக்கு அவசியம் என்பார்கள்.

நிலையத்தின் கலையகத்தில் எங்கள் நாடகத்துக்குக் கிடைத்தது காலை முதல் பன்னிரண்டு மணி வரை. பன்னிரண்டுக்குச் செய்திக்காரருக்கு அந்த இடம் வேண்டும். ஆகவே வெட்டி ஒட்டுகிற சோலி எல்லாம் கிடையாது. மூன்று ஒளிப்பதிவுக் கருவி நிற்கும். காட்சியைத் தொடங்கினால் முடியும்வரை ஓடவேண்டும். யாராவது தும்மினாலும் அது கதையில் உள்ள தும்மல்தான். வீடு என்பது மூன்று பலகைச் சுவர், ஒரு கதவு, ஒரு பூச்சாடி. அம்மாவாக நடித்தவர் வானொலியில் பல காலம் பழுத்தவர். மயங்கி விழும் இடத்தில் முன்கூட்டியே ஒரு தலையணையைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் காட்சி வரும்போது மணி பதினொன்றே முக்கால். மாமாவை மூலையில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். நான் காக்கிச் சட்டை போட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டினேன். கதவு திறந்தது.

“அம்மா, தந்தி வந்திருக்கு” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. மூன்று சொல் முடிந்தது, நான்கு பாக்கி.

அந்த நான்குக்கு நான் வாயைத் திறந்தபோது, பூச்சாடிப் பக்கமிருந்து மாமா வந்தார். அவசரமில்லை. ராசா கொலுவுக்கு வருகிற நடை. பட்டு வேட்டியை உதறி விரித்து என் தோளில் போர்த்தினார். பிறகு வட்டக்களரியில் செய்வதுபோல நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். மூன்று பக்கம் கருவிகள். நாலாவது பக்கம் பலகைச் சுவர். அவருடைய முழங்கை பட்டு, அந்த வீட்டின் சுவர் தோணிப் பாய் போல ஆடியது.

அம்மா நடிகை அசையவில்லை. அனுபவம் என்றால் அதுதான். நான் இன்னும் கொடுக்காத தந்தியை என் கையிலிருந்து பறித்து, வாசிக்காமலே மயங்கி விழுந்தார். தலையணை சரியாக இருந்தது.

மேல் அறையிலிருந்த தயாரிப்பாளர் காதுக் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி படியால் ஓடிவந்தார்.

“ஆர் இந்த மனிசன்?”

“தாய்மாமன்” என்றார் மாமா.

“கதையில தாய்மாமன் இல்லையே!”

“கதையில இல்லாட்டிப் போகட்டும் சேர். இவனுக்கு நான் இருக்கிறன்.”

தலையணையில் கிடந்தபடியே அம்மா நடிகை சிரித்துவிட்டார். தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. முழுதாகத் திரும்ப எடுக்க நேரமும் இல்லை. செய்தி வாசிப்பவர் வாசலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் அந்த இடத்திலேயே கதையைத் திருத்தினார். தந்திக்காரன் தேவையில்லை. கதவுக்குக் கீழால் தந்தி தள்ளப்படும், அம்மா எடுத்து வாசிப்பார், விழுவார். இரண்டு நிமிடத்தில் எடுத்து முடித்தார்கள். கதவுக்குப் பின்னால் குந்தியிருந்து தந்தியைத் தள்ளியவன் நான்தான். பிடரியிலிருந்து விரல்நுனிக்கு முன்னேறியிருந்தேன்.

வெளியே நடைவழியில் மாமா வேட்டியை மடித்தபடி நின்றார். அவருடைய முகம் நீர் வற்றிய வட்டை போல இருந்தது.

“மருமகன், நான் பிழை விட்டுட்டனா?”

“இல்ல மாமா. ஊரில எண்டா சரிதான்.”

“அப்ப, வா போவம். அத்தான் சொன்ன வேலைக்கே போ. அதுவும் நல்ல வேலைதானே.”

“நான் வரமாட்டன்” என்றேன்.

வீரம் ஒன்றும் இல்லை. அந்தப் பழுப்பு உறை மனதில் வந்தது. அதைத் தொடர்ந்து நாடாக் கட்டிய கோப்புகள் முப்பது வருடத்துக்கு வரிசையாக வந்தன. நடையில் தயாரிப்பாளரின் அறைக்கு எதிரே ஒரு வாங்கு கிடந்தது. போய் அதில் குந்தினேன். பன்னிரண்டரைக்கு அவர் சாப்பிடப் போனார், எழுந்து நின்றேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்தார், எழுந்து நின்றேன். இரண்டு மணிக்குக் கை கழுவப் போனார், எழுந்து நின்றேன். தேசிய கீதத்துக்குக்கூட நான் ஒரே நாளில் அத்தனை தரம் எழுந்து நின்றதில்லை. இடையில் மாமா வழிக்கு வைத்திருந்த தயிரைத் திறந்து, பசியாற ஒள்ளம், அதாவது கொஞ்சம், சாப்பிடச் சொன்னார். நான் தொடவில்லை. அந்த இருப்பில்தான் அப்பாவின் ஒப்பந்தத்தைச் சொல் சொல்லாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வாயால் வசனம் வரவேண்டும். பெட்டிக்குள் இருந்து வரவேண்டும். காதில் விழவேண்டும். முகம் என்ற சொல் அதில் எந்த இடத்திலும் இல்லை.

மூன்றரைக்குத் தயாரிப்பாளர் மறுபடி வெளியே வந்தார்.

“தம்பி, நீங்க இன்னும் போகேல்லையா?”

“சேர், எனக்கு முகம் வேணாம். குரல் மட்டும் போதும். தந்தியைத் தள்ளமுதல் கதவுக்கு அங்கால இருந்து ஒரு குரல் கேட்டா நல்லாத்தானே இருக்கும்? இல்லாட்டி, அதை ஆர் தள்ளினதெண்டு சனம் யோசிக்கும்.”

அவர் யோசித்தார். உண்மையில் அது கதைக்கும் தேவைதான். ஆளில்லாத கதவுக்குக் கீழால் தானாக வரும் தந்தியைப் பேய்க்கதையில்தான் வைக்கலாம்.

“குரலுக்காகவா மூண்டரை மணித்தியாலம் இருந்தனீங்க?”

அப்பாவையும் திங்கட்கிழமையையும் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா முழுதாக இருந்த மற்றத் தயிர்ச்சட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். நான் சொன்ன நியாயத்துக்காக அவர் இறங்கினாரா, தயிருக்காகவா என்பது இன்றுவரை தெளிவில்லை.

ஒலிப்பதிவு அறையில் வேலை செய்பவர் தேநீர் குடிக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் கிடைத்தது. முதல் தரம் என் குரல் நடுங்கியது. இரண்டாம் தரம் வெளியே ஒரு லொறி ஒலியெழுப்பியது. மூன்றாம் தரம் மேசைப் பலகையைக் கதவாக நினைத்துத் தட்டிவிட்டு, ஏழு சொல்லையும் சொன்னேன். அறைக்கு வெளியே கதவோடு ஒட்டி மாமா நின்றார். எந்தத் தாய்மாமனும் உள்ளே வராமல் காவல்.

“அங்கிட்டுப் போங்க, பதிவு நடக்குது” என்று அவர் யாரையோ அதட்டியது கேட்டது. நல்லவேளை, அது நாடாவில் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. எங்கள் வீட்டில் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. மின்சாரம்தான் இல்லை. அது சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற காலம். மாமா தன் உழவு இயந்திரத்தின் மின்கலத்தைக் கழற்றி, துவிச்சக்கர வண்டியில் கட்டி, தோணியில் ஏற்றிப் புளியந்தீவுக்குக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் இருந்தவர் ஐரோப்பிய வழி வந்த ஒரு பறங்கி அங்கிள். மரவேலைக்காரர். எங்கள் தெருவின் அன்டனாக்கள் எல்லாம் அவருடைய கைக்குத்தான் பணியும். அவர் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்பினார்.

“இப்ப தெரியுதா?” என்று மேலிருந்து கேட்டார்.

“தெரியுது அங்கிள், ஆனா ரெண்டு ரெண்டாத் தெரியுது!”

“பரவாயில்ல மேன், உனக்கு ரெட்டைச் சம்பளம் கேள்!”

விட்ட பிழை ஐந்து மணிக்கே பெட்டியைப் போட்டது. தெருச் சனம் எல்லாம் வந்து குந்திவிட்டது. வந்தவர்களை வெறும் கண்ணாடியைப் பார்க்கவிடுவது மரியாதையில்லை என்று மாமா நினைத்தார். சிறுவர் நிகழ்ச்சி, சிங்களப் பாட்டு, நெல்லுக்கு வரும் மடிச்சுக்கட்டிப் புழு எல்லாம் ஓடின. புழுவை மாமா மிகவும் ரசித்தார். அப்பா மட்டும் தன் சாய்மனைக் கதிரையில் பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆறரைக்கு நாடகம் தொடங்கியபோது, படம் இரண்டு பக்கமும் ஒடுங்கத் தொடங்கியது. மின்கலம் இறங்குகிறது.

முதலில் பூச்சாடி போனது. பிறகு சுவர்கள். அம்மா நடிகை வரவர மெலிந்தார். ஒரு கட்டத்தில் நின்று பேசும் தடி போல ஆனார். பிறகு தடியும் ஒரு கோடாகி, கோடு ஒரு புள்ளியாகி, அணைந்தது. கண்ணாடி முழுக்க இருட்டு. சனம் “அட” என்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. அந்தக் காலப் பெட்டிகளின் குணம் அது. கண் மூடிய பிறகும் வாய் கொஞ்ச நேரம் ஓடும்.

“போச்சுது” என்றார் மாமா. “என்னால ரெண்டாந் தரமும் போச்சுது.”

“ஒருத்தரும் கதைக்காதேங்க!” என்று நான் கத்தினேன். அப்பாவுக்கு முன்னால் நான் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. விறாந்தை அடங்கியது. கூரையிலிருந்த அங்கிள்கூட மூச்சுவிடவில்லை.

இருண்ட பெட்டிக்குள் அம்மா நடிகை யாரோடோ சமையலைப் பற்றிப் பேசினார். ஒலி தேய்ந்துகொண்டே வந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். அப்பா எழுந்துவந்து மறுபக்கம் குனிந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பதினான்கு அங்குலம். தட், தட், தட்.

“அம்மா, தந்தி வந்திருக்கு. இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ.”

அதற்குப் பிறகு ஓர் அலறல். அதன் பாதியில் மின்கலம் முற்றாகச் செத்தது.

அந்த நாடகத்தில் எத்தனையோ பெரிய நடிகர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் எல்லாம் பாதியாகவும் காலாகவும்தான் வந்து சேர்ந்தார்கள். குறைவில்லாமல் முழுதாக வந்தவன் நான் ஒருவன்தான். வேறு எந்த வேடம் கிடைத்திருந்தாலும் தோற்றிருப்பேன்.

அப்பா நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இன்னொருக்காச் சொல்லு பாப்பம்.”

சொன்னேன். தட்டுவதற்குக் கதிரைக் கையைப் பாவித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உண்மைப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வேலை, அவருக்குப் பழக்கமானது.

“ஓம். குரல் ஒண்டுதான்” என்றார். “ஆனா முகம் வரேல்ல.”

“முகம் ஒப்பந்தத்தில இல்லையேப்பா.”

தான் சொன்ன ஒப்பந்தத்தில் ஒருவன் ஓட்டை கண்டுபிடித்துவிட்டான் என்பது அப்பாவுக்கு வலித்திருக்கவேண்டும். கண்டுபிடித்தவன் மகன் என்பதில் ஒரு ஆறுதலும் இருந்திருக்கலாம்.

“இல்லைத்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

அப்போது மாமா எழுந்து என்னிடம் வந்தார். கையில் அதே பட்டு வேட்டி. போர்த்துவதற்கு முன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கலையகத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டார்.

“இப்பப் போர்க்கலாமா? ஒருத்தரும் படம் பிடிக்கேல்லத்தானே?”

“போர்த்து மச்சான், போர்த்து” என்றார் அப்பா. “இந்த அறுவானுக்கு இனி நேர்முகத்துக்கு வெள்ளைச் சட்டைத் துணி வாங்கிற செலவும் எனக்கில்ல.”

திங்கட்கிழமை விடிய நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். போவது நேரே தயாரிப்பாளரின் அறைக்கு எதிரே கிடந்த வாங்குக்கு. அடுத்த வேடம் கிடைக்கும்வரை அதில் இருப்பது என்று முடிவு. வாசலில் அப்பா ஒரு கடுதாசியை நீட்டினார். கொழும்பிலிருந்து வரும்போது வாங்கிவரவேண்டியவை: இருமல் மருந்து, பேனாவுக்கு நிப்பு, கண்ணாடிக் கூடு. அவருடைய திருத்தமான கையெழுத்தில் இலக்கமிட்டு எழுதியிருந்தது. பாலம் தாண்டிய பிறகுதான் கடுதாசியின் மறுபக்கத்தைப் பார்த்தேன். அது அன்று காலை ஒன்பது மணிக்கு நான் போயிருக்கவேண்டிய நேர்முகத் தேர்வின் கடிதம்.

இரண்டு நாள் வாங்கில் இருந்த பிறகு பொலிஸ்காரன் வேடம் கிடைத்தது. பத்துச் சொல், முகத்தோடு. மாமாவைக் கூட்டிப் போகவில்லை.